வளர இடம் விட்டு எடுத்த சட்டை

எங்கள் குருசடித் தெருவில் பதினாறு வீடுகள், பதினாறு வீட்டிலும் வளர்கிற பிள்ளைகள், வளர்கிற பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்க மே மாதக் கடைசியில் பாளையங்கோட்டைத் தெற்கு பஜாருக்குப் போகிற அம்மாமார் எல்லாரும் கடைப்படி ஏறும்போதே சொல்லுகிற வாக்கு ஒன்றேதான்: "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடுங்க அண்ணாச்சி." மற்றவர்கள் அதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லுவார்கள். நான் கூசமாட்டேன். பிள்ளை வருஷத்துக்கு மூன்று விரற்கடை வளருகிறது, துணி வளருவதில்லை, ஆகவே பிள்ளை வளரப்போகிற இடத்தை இன்றைக்கே வாங்கிப்போடுகிறவள்தான் புத்திசாலி என்பது என் கட்சி. ஊருக்கு வெளியே மனை வாங்கிப்போடுகிறவனைக் கெட்டிக்காரன் என்கிற உலகம், சட்டைக்குள் மனை வாங்கிப்போடுகிறவளை மட்டும் கஞ்சப்பிசினாரி என்பது என்ன நியாயம்?

என் மகள் செலின் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் நான் எடுத்துக்கொடுத்த நீலப் பினாஃபோர் அவள் முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால்வரை இறங்கியது. உள்ளே போடுகிற வெள்ளைச் சட்டையின் அரைக்கை முழங்கைக்குக் கீழே வந்து குடை விரித்த மாதிரி நின்றது. பெல்ட்டை இறுக்கினால் துணி முன்னாலும் பின்னாலும் இரண்டு மூட்டையாகப் புடைத்தது. கண்ணாடி முன்னால் நிறுத்தி, "பாரு, மூணாங்கிளாஸ் முடியப் போட்டுக்கிடலாம்" என்றேன். செலின் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை எதற்குமே ஒன்றும் சொல்லாது. வீட்டில் உள்ள பேச்சையெல்லாம் நான் ஒருத்தியே செலவழித்துவிட்டு, பிள்ளைக்கு மிச்சம் வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் மாதம் மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூட வேன் வரப் பத்து நிமிஷம் இருக்கையில், செலின் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள், நான் பின்னால் நின்று அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். அப்போது அவளுடைய இடது சட்டைக்கையிலிருந்து, அவள் கையோடு சேர்ந்து இன்னொரு கையும் வந்தது. கொஞ்சம் கறுத்த, கொஞ்சம் சின்னக் கை, நகமெல்லாம் கடித்து வைத்திருந்த கை. வந்த கை தோசையில் முறுகலான ஓரமாகப் பார்த்துப் பிய்த்தது. நான் சீப்பாலேயே அந்தக் கையில் ஒன்று வைத்தேன்.

"கை கழுவாம தட்டுல வைக்கே?"

"கழுவ எங்க நேரம் குடுத்திய? காலையில இருந்து ஓடு ஓடுன்னு வெரட்டிக்கிட்டுல்லா இருக்கிய" என்று சட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது.

எனக்கு வேனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. செம்பில் தண்ணீர் மொண்டு அந்தக் கையைப் பிடித்துக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, பேர் என்ன என்று கேட்டேன். "பவுனு" என்றது உள்ளே இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. கான்வென்ட்டில் படிக்கிற பிள்ளையின் சட்டைக்குள் ஒரு டெய்சி, ஒரு ரோஸி இருந்தால் என்ன கெட்டுப்போகும்? வேன் ஹாரன் அடித்தது. செலினும் அவள் சட்டைக்குள் பவுனுமாக, ஒரே ஜோடி ஷூவில், இரண்டு பேர் ஓடுகிற சத்தத்தோடு ஓடி ஏறினார்கள்.

என் வீட்டுக்காரர் மரியசூசை நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் படம் வரைகிறவர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். சாயங்காலம் வந்து செலினை ஸ்டூலில் நிறுத்தி, பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு கண் அவரைத் திருப்பிப் பார்த்தது. "இடுப்புக்கு எடது பக்கம் அஞ்சு இஞ்சி, வலது பக்கம் அஞ்சு இஞ்சி சும்மா கெடந்துதுல்லா, ஆளு வந்துட்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாடகை என்ன பேசியிருக்க?" என்றார்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதியக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஏ பெர்னத்து, எங்க மூத்தவன் சட்டைக்குள்ள ஒரு பய இருக்கான். என்ன கேட்டாலும் சிரிக்கான். ஒங்க வீட்ல?" என்றாள்.

"எங்க வீட்ல ஒருத்தி. என்ன கேட்டாலும் எதுத்துப் பேசுதா."

"யாரு கிட்டயிருந்து படிச்சாளோ" என்றாள் பார்வதியக்கா, அரிசியைப் பார்த்துக்கொண்டே.

அப்படியாகத் தெருவில் பதினைந்து வீட்டில் பெரிய சட்டை போட்ட பிள்ளைகளுக்குள்ளெல்லாம் ஆள் குடியிருப்பது அந்த வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. டாக்டர் வீட்டில் மட்டும் இல்லை, ஏனென்றால் டாக்டர் வீட்டம்மா பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்துத்தான் போடுவாள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரு ஒரு பெயர் வைத்தது, உள்குடி என்று. உள்குடிக்கு என்ன வேண்டும், என்ன ஆகாது என்பதையும் தெருவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. உள்குடிக்கு ஒரு கைப்பிடி சோறு போதும், ஆனால் அப்பளம் தனியாக வேண்டும். உள்குடி வளராது, பிள்ளை வளர வளர இடம் குறைந்து உள்குடி மெலியும். புதுச் சட்டை மாற்றும்போது பழைய சட்டையின் சூடு ஆறுவதற்குள் மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் உள்குடி வாழ்வது பிள்ளையின் உடம்புச் சூட்டில். குளிக்கப் போனால் சீக்கிரம் வரவேண்டும். எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குகிற சட்டையிலிருந்து, "ஏ செலினு, எனக்குக் குளுருது, ஊத்துனது போதும், வாட்டி" என்று தினமும் குரல் கேட்கும்.

ஊர் இதற்கெல்லாம் ஒரு நாளும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட நேரமும் இல்லை, ஏற்பாடுதான் செய்யவேண்டியிருந்தது. கான்வென்ட்டில் மதர் எல்லா அம்மாமாரையும் கூப்பிட்டு, ஒரு சட்டைக்கு ஒரு ரோல் நம்பர், பரீட்சையில் வெளியே இருப்பவர் எழுதலாம், உள்ளே இருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். டவுன் பஸ் கண்டக்டர்கள் சட்டைக்கையில் எத்தனை விரல் தெரிகிறது என்று எண்ணிப் பார்த்து அரை டிக்கெட் கேட்டார்கள், நான் ஒரு கண்டக்டரிடம், "ஒங்க காக்கிச் சட்டையும் லூசாத்தான் இருக்கு, நீரு ஒமக்கு எத்தன டிக்கெட் கிழிச்சீரு?" என்று கேட்டேன், அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்களெல்லாம் பங்குச் சாமியாரைச் சுற்றிக்கொண்டு, உள்ளே இருப்பதற்கு ஞானஸ்நானம் உண்டுமா என்று கேட்டோம். சாமியார் அடுத்த வாரம் தீர்த்தம் தெளிக்கும்போது பிள்ளைகள் பக்கம் வந்ததும் வாளியையே கவிழ்க்கிற மாதிரித் தெளித்துவிட்டு, "யாரு மேல படணுமோ அவுக மேல பட்டிருக்கும். துணி நனைஞ்சா காயும். போங்க" என்றார். பார்வதியக்கா தன் பங்குக்கு இசக்கியம்மன் கோயிலில் இரண்டு கயிறு வாங்கி, ஒரே சட்டைக்கையில் வந்த இரண்டு மணிக்கட்டிலும் ஆளுக்கொன்றாகக் கட்டினாள்.

தெற்கு பஜார் அண்ணாச்சி, யார் போனாலும் முதலில், "தனியாவா, குடித்தனத்தோடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறந்தார். டாக்டர் வீட்டுச் சின்னப் பெண், தனக்கு மட்டும் பேச்சுக்கு ஆள் இல்லை என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது. டாக்டர் வீட்டம்மா யாருக்கும் தெரியாமல் ஆட்டோ பிடித்துப் போய் மூன்று சைஸ் பெரிய கவுன் எடுத்து வந்தாள். எங்கள் கஞ்சத்தனத்தை இத்தனை வருஷமாகப் பார்த்துச் சிரித்தவள் அதை ரொக்கம் கொடுத்து வாங்கின நாளில் எனக்கு ஏற்பட்ட திருப்தியை நான் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

இவ்வளவும் தெருவின் கதை. என் வீட்டுக் கதை வேறு.

செலின் பேசத் தொடங்கினாள். என்னிடம் இல்லை, பவுனிடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியின் நாலாவது படியில் உட்கார்ந்து, காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இருட்டும்வரை பேச்சு. யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த சிஸ்டருக்கு மூக்கில் மரு, வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு மட்டும் ஏன் அப்படி வழுக்குகிறது என்று இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்கும். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் மகளுக்கு இத்தனை வார்த்தை தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் போனால் ஒரு குரல் நின்றுவிடும். மற்றக் குரல் நிற்காது.

"என்னத்துக்கு இப்பம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வாறிய? பிள்ள கணக்குல ஒம்பது மார்க்கு எடுத்துட்டான்னுதான? பத்துக்குத்தான ஒம்பது. அந்த ஒண்ணு எங்கயும் ஓடிறாது."

"நீ வாய மூடு. நான் அவகிட்டக் கேக்கேன்."

"அவ சொல்ல மாட்டா, பெரியம்மா. ஒங்களப் பாத்தா அவளுக்கு நாக்கு ஒட்டிக்கிடும். என்னையக் கேளுங்க, நான் சொல்லுதேன்."

ஆன்ட்டி என்று கூப்பிடச் சொல்லி எத்தனையோ நாள் பழக்கிப் பார்த்தேன், அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். ஒன்று கொடுத்தால் தேங்க்யூ சொல்ல வேண்டும் என்றால், "சோத்துக்கு எவளாவது தேங்க்ஸ் சொல்லுவாளா" என்பாள். நிமிர்ந்து நில் என்றால், "நான் எங்க நிக்கேன், நிக்கது அவல்லா" என்பாள். நான் எட்டு வயதில் மடத்துப் பள்ளிக்கூடத்து வராந்தாவில், நகத்தைக் காட்டு, கையை நீட்டு, வாயைப் பொத்து என்று கேட்டு வளர்ந்தவள். அந்த வயதில் எனக்குச் சொல்லத் தோன்றியும் சொல்லாமல் விழுங்கின பதில்களையெல்லாம் என் மகளின் சட்டைக்குள்ளிருந்து ஒருத்தி எடுத்து எடுத்து என்மேலேயே வீசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வரும். அவள் இல்லாத நேரத்தில் அதை நினைத்துச் சிரிப்பும் வரும். அப்பளம் பொரிக்கிற நாளில் முறுகலானதை அவளுக்கென்று எடுத்து வைத்தேன். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை, பவுனிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

நாலாம் வகுப்புக்குப் புதுச் சட்டை எடுத்தபோது, பழையதைக் கழற்றின சூட்டோடு புதியதைப் போட்டுப் பவுனை இடம் மாற்றினோம். சில வீடுகளில் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை சட்டைக்குச் சரியாக வளர்ந்தது, உள்குடி மெலிந்து மெலிந்து கடைசியில் காலருக்குப் பின்னால் உள்ள லேபிள் உறுத்துகிற அளவுக்கு ஆகி, ஒரு நாள் உறுத்தலும் நின்றது. அப்படி நின்ற நாளில் பார்வதியக்கா பாயசம் வைத்தாள், அவள் மகன் பாயசம் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு விளையாடப் போய்விட்டான். அது இயற்கை. வளர்ந்து நிறைந்த வீட்டில் குடித்தனக்காரர் காலி பண்ணுவது நியாயம்தான். அதில் யாருக்கும் குற்றம் இல்லை.

நாலாம் வகுப்புக் கிறிஸ்துமசுக்குப் பெங்களூரிலிருந்து என் நாத்தனார் ஸ்டெல்லா வந்தாள். வாசலில் பெட்டியை வைப்பதற்கு முன்னாலேயே செலினை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன பெர்னத்து, பிள்ளைக்குச் சாக்குப்பைய மாட்டி விட்டிருக்க? எங்க தம்பி சம்பாதிக்கது ஒனக்குப் பத்தலையோ?"

"வளர்ற பிள்ளை மைனி."

"எங்க வீட்லயும் ரெண்டு வளருது. நாங்க என்ன கூடாரம் அடிச்சா விட்டிருக்கோம்?"

"பெருசுக்குள்ள பேசிக்கிடுங்க, அதுக்கு எதுக்குப் பிள்ளையச் சொல்லுதிய" என்று பினாஃபோருக்குள்ளிருந்து குரல் வந்தது. பெங்களூரில் உள்குடி கிடையாது. ஸ்டெல்லா மைனி வாயைப் பிளந்து, பிறகு மூடி, "சேரி மாதிரி" என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

அந்த வார்த்தை தைத்த இடம் எது என்று எனக்குத் தெரியும். என் அம்மா ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே சுருள் துணியில் தைத்துப்போட்டு வளர்த்தவள். பணக்காரப் பிள்ளைகள் நடுவில், ஓரத்தில் மூன்று மடிப்பு மடித்துத் தைத்த பாவாடையோடு நின்றவள் நான். வருஷத்துக்கு ஒரு மடிப்பு பிரிப்பாள், பிரித்த இடத்தில் வெளிறாத பழைய நிறம் ஒரு கோடாகத் தெரியும், அந்தக் கோட்டைப் பார்த்தே என் வயதைச் சொல்லிவிடுவார்கள். அதையெல்லாம் நான் சிக்கனம் என்று பேர் மாற்றி, தலை நிமிர்த்தி, இத்தனை வருஷம் சுமந்திருந்தேன். ஒரு வார்த்தையில் கீழே போட்டாள்.

மே மாதம் செலினுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுதிரி, ஊரிலிருந்து வருகிற சொந்தமெல்லாம் சுற்றி நின்று போட்டோ. மற்ற அம்மாமார் வழக்கம்போலக் கவுனை வாடகைக்கு எடுத்தார்கள், அல்லது தங்கச்சிக்கு ஆகும் என்று பெரிதாகத் தைத்தார்கள். நான் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், லேஸ் வைத்து, சாட்டின் உள்துணி வைத்து, பிள்ளையை நேரில் நிறுத்தி அளவெடுத்து, தையல்காரர், "ஒரு இஞ்சி விடட்டுமா, வளர்ற பிள்ளை" என்று கேட்டதற்கு, என் வாயால், "வேண்டாம். உடம்போட ஒட்டி நிக்கணும்" என்றேன்.

போட்டுப் பார்த்த அன்றைக்குச் செலின் கண்ணாடி முன்னால் நின்றாள். கவுன் அவள்மேல் ஊற்றி வைத்தது போல இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, எனக்குத் தெரிந்து முதல் முறையாகத் தானாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள்.

"அம்மா, பவுனுக்கு எடம் இல்லியே?"

"ஒரு நாளைக்குத்தான். பூசை முடிஞ்சு போட்டோ எடுத்துட்டு வந்து மாத்திக்கிடலாம்."

"சூடு ஆறிப்போயிரும்மா."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கவுனின் இடுப்பில் ஒரு விரலாவது நுழைகிறதா என்று விட்டுப் பார்த்தாள். நான் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

புதுநன்மை அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே வீடு முழுக்க ஆள். அடுப்பில் ஒரு பக்கம் கறி, ஒரு பக்கம் நெய்ச்சோற்றுக்குத் தேங்காய்ப்பால், கூடத்தில் ஸ்டெல்லா மைனி, பிள்ளைகள், பெட்டிகள். செலின் குளித்து வந்து, பவுனு குளிராமல் மறுபடி மாட்டியிருந்த பினாஃபோரை உள்சட்டையோடு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கவுனுக்குள் கையை நுழைத்தாள். பினாஃபோர் என் கையில் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே பவுனு வழக்கம்போலச் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒங்க நைட்டி நல்லா பெருசாத்தான இருக்கு. நான் ஒரு ஓரமா இருந்துக்கிடட்டா? ஒண்ணுமே பேச மாட்டேன்."

நான் அப்போது போட்டிருந்தது பூப்போட்ட நைட்டி, எல்லா வீட்டம்மாமாரும் போடுகிற அதே கூடாரம், அதற்குள் இன்னும் இரண்டு பவுனு குடியிருக்கலாம். ஆனால் நான் இன்னும் பத்து நிமிஷத்தில் அதைக் கழற்றிப் பட்டுச்சேலை கட்டவேண்டும், ஒட்டப்பிடித்த ரவிக்கை, அதில் ஒரு காற்றுக்குக்கூட இடம் இல்லை. கோயிலுக்கு நைட்டியில் போகவா முடியும்? ஸ்டெல்லா மைனி பார்த்துக்கொண்டிருந்தாள். கறி அடிப்பிடிக்கிற வாசம் வந்தது.

"எனக்கென்ன வளர்ற வயசா, என் துணிக்குள்ள ஆள் வச்சுக்கிட? வேலை தலைக்கு மேல கெடக்கு. சும்மா இரு."

"எம்மா" என்றாள்.

அன்றுவரை பெரியம்மா என்றவள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. சூடுதானே வேண்டும், சூட்டுக்கா பஞ்சம், மே மாதத்துப் பாளையங்கோட்டை வெயிலை விடவா பிள்ளை உடம்பில் சூடு அதிகம் என்று நினைத்து, பினாஃபோரைக் கொண்டுபோய் மாடியில் கொடியில் போட்டு, காற்றில் பறக்காமல் இரண்டு கிளிப்பும் மாட்டிவிட்டு இறங்கினேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். துணி விஷயத்தில் என்னை மிஞ்ச யாரும் இல்லை என்று நினைத்தேன்.

பூசை நீண்டது. போட்டோக்காரர், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றார். ஸ்டெல்லா மைனி, "இப்பந்தான் பிள்ளை மாதிரி இருக்கா" என்று சொன்னாள், எனக்கு மனசு நிறைந்தது. வீடு வந்து சேர மணி பன்னிரண்டரை.

செலின் ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். நான் கறியைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனேன். பினாஃபோர் கொடியில் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது, தொட்டால் கை சுட்டது. அத்தனை சூடு. அதில் ஆள் சூடு இல்லை. செலின் அதை உள்சட்டையோடு எடுத்து, மாடியிலேயே கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலைவழியாக மாட்டிக்கொண்டு, காலருக்குள் முகத்தைவிட்டு, "ஏட்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "பவுனு" என்றாள். இடது சட்டைக்கையில் ஒரே ஒரு கை இருந்தது.

அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கீழே வந்து, தையல் டப்பாவைத் திறந்து, நாலு ஊக்கு எடுத்து, பினாஃபோரின் தொளதொளப்பை இடுப்புக்கு இரண்டு பக்கமும் தானே இழுத்துப் பிடித்து, தானே குத்திக்கொண்டாள். அந்தப் பினாஃபோரில் இன்னும் மூன்று விரற்கடை இடம் பாக்கி இருந்தது. இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கலாம். மெலிந்து, உறுத்தி, தானாகப் போயிருக்கலாம். நானும் பாயசம் வைத்திருப்பேன்.

தெரு எங்களைக் குறை சொல்லவில்லை. பார்வதியக்கா வந்து, "நடந்தது நடந்துட்டு பெர்னத்து" என்றாள். அடுத்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் உயர்ந்தார்கள், சட்டைகள் நிறைந்தன, ஒவ்வொரு வீடாக உள்குடிகள் போனார்கள், பிறகு ஊரில் அது பேச்சாகவே இல்லை, மதர் சொன்ன ரோல் நம்பர் கணக்கும் கண்டக்டர் கேட்ட அரை டிக்கெட்டும் மறந்துபோயின. அண்ணாச்சி மட்டும் பழக்கத்தில் கொஞ்ச நாள், "குடித்தனத்தோடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். செலின் ஐந்தாம் வகுப்பிலிருந்து, "அளவா எடுங்க" என்ற இரண்டு வார்த்தையைத் தவிரத் துணிக்கடையில் எதுவும் பேசியதில்லை. நான் அளவாகவே எடுத்துக்கொடுத்தேன். எட்டு மாதத்தில் சிறுத்துவிடும், மறுபடி எடுப்பேன். சிக்கனம் பார்க்க என்னிடம் நாக்கு மிஞ்சவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தாறு. ஓசூரில் வேலை. உடம்போடு ஒட்டின சுடிதாரில் வருவாள், மரியாதையாகப் பேசுவாள், பேசி முடித்ததும் முடித்துவிடுவாள். புதுநன்மை போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்தக் கவுன் அந்த ஒரு நாளைக்குத்தான் அவளுக்குச் சரியாக இருந்தது.

போன மாதம் தெற்கு பஜாருக்கு நைட்டி எடுக்கப் போனேன். அண்ணாச்சிக்கும் வயதாகிவிட்டது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னக்கா, மெலிஞ்சிட்டிய. ஒங்களுக்கு எல் போதுமே."

"டபுள் எக்ஸெல் எடுங்க."

"அதுல ரெண்டு ஆளு இருக்கலாமே."

"வளர்ற பிள்ளைக்கு எடுத்தே பழகிட்டேன் அண்ணாச்சி. குடுங்க."

அவர் மடித்துக் கொடுத்தார். அந்த அளவில்தான் நான் பதினாறு வருஷமாக எடுக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு அடுப்பில் நிற்கும்போது இடது பக்கத்துத் துணியைச் செருகுவதில்லை. கழற்றினால் உடனே வாளியில் முக்குவதும் இல்லை. பிள்ளை குளித்து வர ஒரு நிமிஷம் பொறுக்காத நான், கழற்றின நைட்டியை மடியில் போட்டுக்கொண்டு, என் உடம்புச் சூடு அதிலிருந்து ஆறி முடியும்வரை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் அப்படித்தான். அதற்குள் பால் பொங்கி வழிந்தால் வழியட்டும்.

செலின் இந்தத் தடவை வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். குளித்துவிட்டு வந்த நான் வேறு நைட்டி மாற்றிக்கொண்டு, கழற்றினதை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன், அவள் வாசல்படியில் நின்றாள். துவைக்கப் போடணும், இந்தா போடுதேன் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் வந்து தரையில் என் காலடியில் உட்கார்ந்து, நைட்டியின் இடது கைக்குள் தன் கையை விட்டு, தோள்வரைக்கும் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இன்னும் சூடு இருக்கும்மா" என்றாள்.

இரண்டு பேரும், அது ஆறுகிறவரை, அப்படியே உட்கார்ந்திருந்தோம்.